சேணம் தைத்தவரின் மகன்

செஞ்சிக் கோட்டையைத் தோழர்கள் அறிவர். 1750ஆம் ஆண்டு இரவோடு இரவாக ஏறி அதைப் பிடித்தது பிரெஞ்சுப் படை. தலைமை தாங்கியவர் புஸ்ஸி. 1761இல் அந்தக் கொடி இறங்கிற்று. அந்தப் படைத்தலைவன் பெயரை இன்று செஞ்சிக் கடைவீதியில் எத்தனை பேர் சொல்வர்? அதே நாட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன் பெயரோ, செஞ்சியில் பார்வையற்ற பிள்ளை எழுத்துக் கற்கத் தொடங்கினால் முதல் நாளே காதில் விழும். அவர்தாம் லூயி பிரெயில்.

1809இல் பாரிசுக்குக் கிழக்கே கூப்வ்ரே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை குதிரைகளுக்குச் சேணம் தைப்பவர். மூன்று வயதில், பட்டறையில் கிடந்த குத்தூசியை எடுத்து விளையாடினான் சிறுவன். கண்ணில் பாய்ந்தது. புண் மறு கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதில் இரண்டும் இருண்டன. பட்டறையில் பிள்ளை வளர்ப்பவருக்கு இதை நாம் விரித்துரைக்க வேண்டுமா?

1819இல் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அதை நிறுவிய வாலன்தீன் அயுயி, மாதாகோயில் வாசலில் பிச்சை எடுத்த பார்வையற்ற இளைஞனை 1784இல் அழைத்துப் படிப்பித்தவர். தடித்த ஈரத் தாளில் அச்செழுத்தை அழுத்திப் புடைக்கச் செய்து, விரலால் தடவிப் படிக்க வைத்தார். பெரிய தொண்டுதான். ஆனால் அது கண்ணுக்காகப் பிறந்த எழுத்து. ஒவ்வொரு வளைவையும் விரல் சுற்றி வர வேண்டும். நூல்களோ பெரும் பளு. படிக்கலாம், எழுத முடியாது! பிறர் சொன்னதைக் கேட்டுக்கொள்ளலாம், தன் சொல்லைச் சொல்ல வழியில்லை.

முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி பார்பியே, 12 புள்ளிகள் வரை கொண்ட எழுத்து ஒன்றை வகுத்திருந்தார். அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. பிரெயில் அதை 6 ஆக்கினார், 15 வயதில்! புள்ளி குத்தும் கருவி எது தெரியுமா? கண்ணைக் குத்திய ஊசியின் உடன்பிறப்பு.

1829இல் முறை நூலாக வந்தது. கண்ணுள்ளவர்களோ, தங்களால் படிக்க முடியாத எழுத்து எதற்கு என்றனர். 1840இல் பள்ளிக்கு வந்த புதிய தலைவர் புள்ளியைத் தடுத்தார். மாணவர்கள் விட்டார்களா? ஒளித்து வைத்துக் குத்தினர். 1844இல் தடை தளர்ந்தது.

நம்மைக் கவர்வது இன்னொன்று. கண்ணுள்ளவர் எழுத்தை அவர் பகைக்கவில்லை. அச்செழுத்தின் வடிவையே புள்ளிகளால் வரையும் முறையை 1839இல் வெளியிட்டார். பார்வையற்ற மகனின் கடிதத்தை அயலார் துணையின்றித் தாய் படிக்கலாம் அல்லவா?

1852இல் காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 43. பிரான்சு அவர் எழுத்தை ஏற்றது 1854இல்! 1952இல் உடலை எடுத்துப் பாரிசில் பெரியோர் உறங்கும் பாந்தியனில் வைத்தனர்; கைகள் மட்டும் கூப்வ்ரேயிலேயே தங்கிவிட்டன. அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான புள்ளியெழுத்து முடிவாயிற்று. அதில் தமிழின் அகரம் ஒரே ஒரு புள்ளி, மேலே இடப்பக்கத்தில்.