48 வயதில் முதல் கேமரா... கோழிக்கூண்டுதான் ஸ்டூடியோ! வெளிச்சத்தை வசப்படுத்திய ஜூலியா

மல்லாங்கிணறு பக்கம் ஏதாவது ஒரு வெட்டவெளியில், மதியம் 12 மணிக்கு நண்பரை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க. கண் இருக்கிற இடத்தில் ரெண்டு கறுப்புக் குழி, மூக்குக்குக் கீழே நிழலில் ஒரு மீசை. சிவகாசிப் பட்டாசைக் காயவைக்கிற அதே வெயில், முகத்தைக் காலி செய்துவிடும். ஃபில்டர் போட்டாலும் தேறாது.

இந்த வெயிலோடு சுமார் 150 வருடங்களுக்கு முன்பே மல்லுக்கட்டியவர் ஜூலியா மார்கரெட் கேமரூன். (கேமரூன் என்பது கணவர் பெயர். கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!)

1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1838-ல் தன்னைவிட 20 வயது மூத்த சார்லஸ் ஹே கேமரூனைத் திருமணம் செய்தார். பத்து வருடம் கழித்து குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. வைட் தீவில் வீடு, பக்கத்து வீட்டுக்காரர் கவிஞர் டென்னிசன்.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது ஜூலியாவுக்கு வயது 48. நிலக்கரி போட்டுவைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். கோழிகளை விரட்டிவிட்டு, கண்ணாடி போட்ட கோழிக்கூண்டை ஸ்டூடியோ ஆக்கினார்.

அன்றைய போட்டோகிராபி லேசுப்பட்ட வேலை இல்லை. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் இருக்கும்போதே படமெடுத்து, காய்வதற்குள் இருட்டறைக்கு ஓட வேண்டும். கையெல்லாம் கறுப்பாகிவிடும். எதிரே இருப்பவர் சில நிமிடங்கள் அசையாமல் உட்கார வேண்டும்.

வெளிச்சம் குறைவாக இருந்தால் இன்னும் நேரமாகும். அப்படியிருந்தும் ஜூலியா வெளிச்சத்தைக் குறைத்தார்! ஜன்னல்களைத் திரையால் மூடி, ஒரு பக்கம் மட்டும் திறந்துவைத்தார். முகத்தின் ஒரு பாதி ஒளிர, மறுபாதி மெல்ல இருளில் கரையும். பின்னணி கறுப்பு. 1867-ல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலைத் தலைக்குக் குளிக்கவைத்து, அந்த வெள்ளை முடி ஒளிவட்டம் மாதிரி சிலிர்த்து நிற்க எடுத்த படம் இன்றைக்கும் அசத்தல். அடுத்த வருடம் டார்வினும் அவர் கேமரா முன் உட்கார்ந்தார்.

ஃபோகஸ் இல்லை, தகட்டில் கறை இருக்கிறது என்று போட்டோகிராபி சங்கத்து ஆட்கள் கிண்டலடித்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அந்தக் கிண்டலில் பாதி, பொறாமை என்றே தோன்றுகிறது.

குடும்பத்துக்கு இலங்கையில் காபித் தோட்டங்கள் இருந்தன. 1869-க்குப் பிறகு காபி இலைநோய் தோட்டங்களைத் தின்றது, பணமும் கரைந்தது. 1875-ல் தம்பதி இலங்கைக்கே குடிபோனார்கள், இரண்டு சவப்பெட்டிகளையும் மூட்டை முடிச்சோடு சேர்த்து எடுத்துக்கொண்டு!

களுத்துறையில் கோழிக்கூண்டு இல்லை. தலைக்கு மேல் நம்ம ஊர் மாதிரியே வெயில். 1877-ல் வந்த ஓவியர் மரியான் நார்த்தை, 96 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில் கம்பளித் துணி சுற்றி, தென்னை ஓலைகளுக்கு நடுவே நிறுத்தினார் ஜூலியா. ஓலை ஆட ஆட உச்சி வெயில் கண்ணைக் குத்தியதாம். மரத்தடி என்றாலே நல்ல நிழல் கிடையாது. புள்ளி புள்ளியாக வெயில் விழும் நிழல் முகத்தைக் கெடுத்துவிடும். அதே மரியான் வராந்தாவில் ஓவியப் பலகையோடு நிற்கும் படமும் இருக்கிறது. மேலே கூரை, பக்கவாட்டில் வெளிச்சம்... அதாவது, கோழிக்கூண்டில் செய்த அதே வேலை. நம்ம ஊர்த் திண்ணைக்கும் இது பொருந்தும்.

இலங்கையில் எடுத்தவற்றில் மிஞ்சியது முப்பது படங்களுக்குள்தான். பல படங்களில் இருப்பவர்கள் தோட்டத் தொழிலாளர்களும் வேலையாட்களும். தென் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் காபித் தோட்டங்களுக்குக் கடல் தாண்டிப்போன காலம் அது. ஹெர்ஷலுக்குக் கொடுத்த அதே கவனமான வெளிச்சம் இவர்கள் முகத்திலும் விழுந்திருக்கிறது. ஆனால் ஹெர்ஷல், டார்வின் படங்களில் பெயர் இருக்கிறது. இவர்கள் படங்களில் 'பெண், இலங்கை' என்பதுபோல மட்டுமே.

1879 ஜனவரி 26 அன்று மலையகத்தில் இறந்தார் ஜூலியா. போகவந்தலாவை செயின்ட் மேரி தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அடுத்த வருடம் சார்லஸும் போய்ச் சேர்ந்தார்.