கடலுக்கு அடியில் கம்பி போட்டவர்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் மதுரையில் இருக்கும் தாயாருடன் செல்போனில் பேசுகிறான். முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது. இந்தப் பேச்சு ஆகாய மார்க்கமாக வருகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள்.

அப்படி அல்ல. கண்டம் விட்டுக் கண்டம் போகும் பேச்சும் படமும் பெரும்பாலும் கடலுக்கு அடியில் கிடக்கும் கம்பி வழியாகத்தான் போகின்றன. இன்டர்நெட்டின் பெரும் பாதை அதுதான்.

அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் முதன்முதலில் இப்படிக் கம்பியால் இணைக்கப் பாடுபட்டவர் ஒரு காகித வியாபாரி. அவர் பெயர் சைரஸ் பீல்டு.

கடனைத் தீர்த்தார்

பீல்டு 1819-ம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். தகப்பனார் ஒரு பாதிரியார். 15 வயதில் பீல்டு நியூயார்க் நகரத்துக்குப் போய், ஒரு ஜவுளிக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். முதல் வருடச் சம்பளம் 50 டாலர்.

பிறகு ஒரு காகிதக் கம்பெனியில் பங்காளி ஆனார். கம்பெனி நொடித்துவிட்டது. கடன் கொடுத்தவர்கள் டாலருக்கு 30 சென்ட் மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கை முடித்தார்கள். சட்டப்படி அத்துடன் கடன் தீர்ந்தது. ஆனால் பீல்டு சொந்தமாக வியாபாரம் செய்து பணம் சேர்த்ததும், அவர்களைத் தேடிப் போய் பாக்கியை வட்டியுடன் கொடுத்தார். இப்படிச் செய்ய எத்தனை பேருக்கு மனம் வரும்?

33 வயதில் அவர் பெரும் பணக்காரர். இனி வேலை செய்ய வேண்டியதே இல்லை என்று இருந்தார்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் தந்தி இருந்தது. கடலைத் தாண்டிச் சேதி போக வேண்டுமானால் கப்பல்தான். இதனால் உயிர்களும் போயின. இங்கிலாந்தும் அமெரிக்காவும் செய்த போரை நிறுத்த 1814 டிசம்பர் 24-ந் தேதி ஐரோப்பாவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்தச் சேதி அமெரிக்காவுக்கு வந்து சேரவில்லை. 1815 ஜனவரி 8-ந் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் அருகே கடும் போர் நடந்தது. ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் செத்தவர்களும் காயம் அடைந்தவர்களும் பிடிபட்டவர்களுமாகச் சுமார் 2 ஆயிரம் பேர்!

உலக உருண்டை

1854-ம் ஆண்டு ஒரு தந்தி என்ஜினீயர் பீல்டைப் பார்க்க வந்தார். நியூபவுண்ட்லாந்து தீவில் தந்திக் கம்பி போடப் பணம் வேண்டும் என்றார். அவர் போன பிறகு, பீல்டு தன் அறையில் இருந்த உலக உருண்டையைச் சுற்றிப் பார்த்தார். தீவு வரை போகும் கம்பியை அயர்லாந்து வரைக்கும் கொண்டு போனால் என்ன?

தூரம் சுமார் 2 ஆயிரம் மைல். ஆழம் சில இடங்களில் 2 மைலுக்கும் அதிகம். பீல்டுக்கு மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். முடியும் என்று பதில் வந்தது.

செம்புக் கம்பியைச் சுற்றி, கட்டாபெர்ச்சா என்ற மரப் பாலைப் பூசினார்கள். மலாயாப் பக்கத்துக் காடுகளில் கிடைக்கும் பொருள் அது. அதற்கு மேல் இரும்புக் கம்பிகளை முறுக்கினார்கள்.

1857-ல் கடலில் இறக்கினார்கள். கம்பி அறுந்தது. 1858 ஜூனில் மறுபடி இறக்கினார்கள். மறுபடி அறுந்தது. ஆகஸ்டு 5-ந் தேதி கம்பி கரை சேர்ந்தது. விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு வாழ்த்து அனுப்பினார். 98 சொற்கள் போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரம் ஆயிற்று. அதற்கே ஜனங்கள் கூத்தாடினார்கள். நியூயார்க்கில் விட்ட வாணவேடிக்கையில் நகர மண்டபத்தின் கூரை தீப்பிடித்தது!

இந்தக் கம்பியால் நம் நாடு சம்பந்தப்பட்ட காரியம் ஒன்றும் நடந்தது. இந்தியாவில் நடந்த சிப்பாய்க் கலகத்துக்காகக் கனடாவிலிருந்து இரண்டு பட்டாளங்களை அழைத்திருந்தார்கள். கலகம் அடங்கியதால் அவை புறப்பட வேண்டாம் என்று லண்டனிலிருந்து தந்தி போயிற்று. பெருஞ்செலவு மிச்சம்.

புகழ் போயிற்று

செப்டம்பர் 1-ந் தேதி நியூயார்க்கில் பீல்டுக்குப் பெரிய ஊர்வலம். அதே நேரத்தில் கம்பி பேச்சு மூச்சற்றுப் போய்க்கொண்டிருந்தது. அளவுக்கு மீறிய மின்சாரத்தைச் செலுத்தியதால் மேல் பூச்சு கெட்டுவிட்டது.

நேற்று தோளில் தூக்கியவர்கள் இன்று திட்டினார்கள். சேதி வந்ததே பொய், பங்கு விற்பதற்காகச் செய்த மோசடி என்றுகூடப் பேசினார்கள். பழைய கடனைத் தேடிப் போய்க் கொடுத்த மனிதருக்கு மோசடிக்காரர் என்ற பெயர்! 1860-ல் அவருடைய காகித வியாபாரமும் நொடித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது.

பீல்டு விடவில்லை. இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்குமாக அலைந்து பணம் திரட்டினார். 1865-ல் கிரேட் ஈஸ்டர்ன் என்ற ராட்சதக் கப்பலில் புதுக் கம்பியை ஏற்றிப் புறப்பட்டார்கள். கரை சேர இன்னும் 600 மைல்தான். கம்பி அறுந்து கடலில் விழுந்தது.

1866 ஜூலை 27-ந் தேதி மற்றொரு கம்பி நியூபவுண்ட்லாந்தில் ஹார்ட்ஸ் கன்டென்ட் என்ற ஊரில் கரை ஏறியது. இந்தத் தடவை அது பேசியது, பேசிக்கொண்டே இருந்தது. அத்துடன் நிற்கவில்லை. முந்தின ஆண்டு அறுந்து விழுந்த கம்பியையும் கொக்கி போட்டுத் தேடி எடுத்து, ஒட்டி, கரை சேர்த்தார்கள்.

தொடக்கத்தில் 20 சொல் கொண்ட தந்திக்கு 20 பவுன் கட்டணம். ஏழைகள் நெருங்க முடியுமா? பஞ்சு வியாபாரிகள்தான் ஓடி வந்தார்கள். லிவர்பூல் சந்தையின் விலை நியூயார்க்கில் தெரியக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டணம் பிறகு படிப்படியாகக் குறைந்தது.

1870-ல் அதே கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் பம்பாயிலிருந்து ஏடனுக்குக் கம்பி போட்டது. அதை அடுத்து சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கம்பி போயிற்று.

பீல்டு பிற்காலத்தில் நியூயார்க் தெருக்களுக்கு மேலே தூண் நட்டு ஓடிய ரயிலில் பணம் போட்டார். 1887-ல் அந்தப் பங்குகளின் விலை விழுந்தபோது பெரும் சொத்தை இழந்தார். 1892 ஜூலை 12-ந் தேதி, 72-வது வயதில் காலமானார்.

ஹார்ட்ஸ் கன்டென்ட் தந்தி நிலையம் 1965 வரை வேலை செய்தது. பிறகு அதைக் காட்சிசாலை ஆக்கிவிட்டார்கள்.