வாஞ்சிக்குக் குறிபார்க்கக் கற்றுத் தந்தவர்

வ.வே.சு. ஐயர் 1881-ல் திருச்சி வரகனேரியில் பிறந்தார். பாரிஸ்டர் படிப்புக்கு லண்டன் சென்றவர், அங்கே புரட்சி வீரர் ஆனார்.

1910-ல் ஆங்கிலேயப் போலீசாரை ஏமாற்றிவிட்டுப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அப்போது அது பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். அங்கே இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடப் பயிற்சி அளித்தார். செங்கோட்டை வாஞ்சிநாதனும் அவரிடம் பயின்றவர்.

1911 ஜுன் 17. மணியாச்சி ரயில் நிலையம். கலெக்டர் ஆஷை வாஞ்சி கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். அது பெல்ஜியம் நாட்டில் செய்தது. பிறகு அதே துப்பாக்கியால் தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார்.

ஐயரோ பின்னாளில் காந்தியடிகளின் அகிம்சை வழிக்கு வந்தார். துப்பாக்கியை விட்டார்.

1925-ல் பாபநாசம் அருவியில் மகள் சுபத்திரை தவறி விழுந்தாள். அவளைக் காப்பாற்ற ஐயர் தண்ணீரில் குதித்தார். இருவருமே இறந்தனர். அப்போது ஐயருக்கு வயது 44.