படிப்பும் பட்டறையும்: ஜி.டி. நாயுடு வாழ்வில் ஒரு பாடம்

மலருக்கு நான் ஏதாவது தொழில்நுட்பக் கட்டுரை தருவேன் என்றுதான் மலர்க்குழுவினர் எதிர்பார்த்தார்கள். ஆனால் நம் ஜூனியர் தம்பி தங்கைகளைச் சந்திக்கும்போதெல்லாம் அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நல்ல இன்டர்ன்ஷிப் எங்கே கிடைக்கும், அதில் உண்மையாகவே வேலை கற்றுத் தருவார்களா என்பதே அது. இதைக் கேட்கும்போது எனக்கு ஒரு கோயமுத்தூர்க்காரர் நினைவுக்கு வருகிறார். அவரைப் பற்றி எழுதினாலே பதில் பாதி வந்துவிடும்.

ஜி.டி. நாயுடு என்று நாடறிந்த கோபால்சாமி துரைசாமி நாயுடு, 1893 மார்ச் 23 அன்று கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. பிறகு தோட்ட வேலைதான். அந்தச் சமயத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுகிறதே என்ற வியப்பு அவரைத் தூங்கவிடவில்லை. ஊரை விட்டுக் கோவைக்கு வந்தார். ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதை ஓட்டி ஊர் சுற்றியதோடு நிற்கவில்லை. நட்டு போல்ட்டு வரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டினார். அவருடைய பொறியியல் கல்லூரி அதுதான் என்றால் மிகையாகாது. வாத்தியார் கிடையாது, சிலபஸ் கிடையாது. தவறாகப் பூட்டினால் வண்டி ஓடாது. மதிப்பெண் போட அது ஒன்றே போதும்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்து பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். அதுவே வளர்ந்து யு.எம்.எஸ். என்று மக்கள் அழைத்த யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆயிற்று. பஸ் தொழில் என்பது டிக்கெட் கிழிப்பது மட்டுமல்ல என்பது மெக்கானிக்கல் படித்த நமக்குத் தெரியும். வண்டி நடுவழியில் நின்றால் பயணிகள் காத்திருக்க மாட்டார்கள். இன்ஜின், பிரேக், டயர் என்று தினமும் ஒரு பரீட்சை.

1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. மில்கள் பெருகின. கிணறுகளில் பம்புசெட்டுகள் ஏறின. அவற்றை ஓட்டும் மோட்டார்களோ கடல் கடந்து வந்துகொண்டிருந்தன. 1937-ல் பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற பட்டறையில், டி. பாலசுந்தரம் நாயுடுவின் துணையோடு, இந்தியாவின் முதல் மின் மோட்டார் என்று போற்றப்படும் மோட்டாரை உருவாக்கினார். கோவை இன்று மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்ற ஊர் என்றால், அதற்கான விதைகளில் ஒன்று அங்கே விழுந்தது. ராசண்ட் என்ற மின் சவரக் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று அவர் பட்டியல் நீளும்.

இனிமேல்தான் நம் விஷயம் வருகிறது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் என்று சொல்லப்படும் அந்த மனிதர் 1945-ல் ஒரு பொறியியல் கல்லூரியின் முதல்வரானார்! அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாயின. அப்போதைய சென்னை மாகாண கவர்னரின் பெயர் அது. அந்தக் கல்லூரிதான் பின்னாளில் தடாகம் சாலைக்கு இடம் மாறி, ஜி.சி.டி. என்று நாம் அறிந்த அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

பதவி நிலைக்கவில்லை. நான்கு வருடப் படிப்பு மாணவனின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு வருடமே தாராளம் என்பது நாயுடுவின் கட்சி. அதைவிடக் குறுகிய பயிற்சிகளையும் நடத்திக் காட்டினார். பிரிட்டிஷ் அரசு ஏற்கவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார்.

நண்பர்களே, இந்த இடத்தில் எனக்கு நாயுடு மீது பாதி உடன்பாடு, பாதி மாறுபாடு. நோயை அவர் சரியாகக் கண்டுபிடித்தார். கையில் ஸ்பேனர் பிடிக்காமல் வெளியே வருகிற இன்ஜினீயர் பாதி இன்ஜினீயர்தான். ஆனால் மருந்து வருடத்தைக் குறைப்பதல்ல. தெர்மோடைனமிக்ஸும் கணக்கும் இல்லாமல், ஏற்கெனவே உள்ள மோட்டாரைப் பிரித்துப் பூட்டலாம். புது மோட்டாரை வடிவமைப்பது சிரமம். எல்லோரும் ஜி.டி. நாயுடு ஆகிவிட முடியாதே! கேள்வி எத்தனை வருடம் என்பதல்ல, அந்த வருடங்களை எங்கே கழிக்கிறோம் என்பதே.

இதற்கு அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. 1906-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 மாணவர்களுடன் ஒரு திட்டம் தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பு, மறு வாரம் தொழிற்சாலை. இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தார். ஒருவன் வகுப்பில் இருக்கும்போது மற்றவன் மெஷினில் நிற்பான், பிறகு இடம் மாறுவார்கள். முதலாளிக்கு அந்த வேலையிடம் ஒருநாளும் காலியாக இருக்காது. மாணவனுக்குக் கூலியும் உண்டு. கூட்டுறவுக் கல்வி என்ற முறை உலகெங்கும் பரவியது இப்படித்தான்.

நம் ஊரில் இதற்கு சாண்ட்விச் படிப்பு என்று பெயர். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு சாண்ட்விச் பி.இ. அந்த வகைதான். கல்லூரியும் மோட்டார், பம்பு செய்யும் தொழிற்கூடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் அது அங்கே இயல்பாகப் பொருந்தியது. கவனியுங்கள், நாயுடு குறைக்கச் சொன்னார், இவர்கள் ஒரு வருடம் கூட்டினார்கள். ஆனால் அவர் கேட்ட பட்டறை உள்ளே வந்துவிட்டது. 1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம், 1973-ல் திருத்தப்பட்டபோது பட்டதாரி இன்ஜினீயர்களையும் டிப்ளமாக்காரர்களையும் சேர்த்துக்கொண்டது. தென் மாநிலங்களுக்கு அதைக் கவனிக்கும் பயிற்சி வாரியம் நம் தரமணியில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பயிற்சி பட்டம் வாங்கிய பிறகு வருவது. படிக்கும்போதே கிடைப்பதற்கு அது ஈடாகாது.

நாயுடுவின் பிற்கால வாழ்க்கை இனிப்பும் கசப்பும் கலந்தது. 1952-ல் இரண்டாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் போகக்கூடிய சிறு காரைத் தயாரித்துக் காட்டினார். உற்பத்திக்கு அரசின் அனுமதி கிடைக்கவில்லை. 1967-ல் கோவையில் தொழிற் கண்காட்சி அமைத்தார். 1974 ஜனவரி 4 அன்று காலமானார். 2025 அக்டோபரில் திறந்த அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள்.

பாலத்துக்குப் பெயர் வைப்பது அரசாங்கத்தால் முடியும். நம்மால் முடிந்தது வேறு. காட்டாங்குளத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் மறைமலை நகர். சிங்கபெருமாள் கோயிலில் திரும்பினால் ஒரகடம். இத்தனை தொழிற்சாலைகளை வாசலில் வைத்துக்கொண்டு, பதினைந்து நாள் போனோம், பாதுகாப்பு பற்றி ஒரு லெக்சர் கேட்டோம், டீ குடித்தோம், சர்ட்டிபிகேட்டோடு வந்தோம்னு இருந்தால் அது பயிற்சி அல்ல, சுற்றுலா. என் காலத்தில் நான் போன ஒரு தொழிற்சாலையில் மஞ்சள் கோட்டைத் தாண்டவே விடவில்லை. லேத்தைத் தூரத்திலிருந்து தரிசனம் செய்ததோடு சரி.

இன்று நம்மில் பலர் மேனேஜராக, பிளான்ட் ஹெட்டாக, சொந்தத் தொழில் செய்பவராக இருக்கிறோம். ஒவ்வொருவரும் வருடத்துக்கு இரண்டு மாணவர்களை எடுப்போம். ஷ்னைடர் செய்தது போல ஜோடியாகவே எடுக்கலாம். குறைந்தது ஒரு செமஸ்டர் முழுக்க வைத்துக்கொள்வோம். ஒரு அனுபவசாலியான ஃபோர்மேனிடம் ஒப்படைப்போம். சின்ன வேலையாக இருந்தாலும் அவன் பொறுப்பில், அவள் பொறுப்பில் ஒரு வேலை இருக்கட்டும், கெட்டுப்போனால் அவர்களே சரி செய்யட்டும். பஸ் செலவுக்காவது ஸ்டைபெண்ட் கொடுப்போம். சந்திப்பு நாளன்று பதிவு மேசையில் இதற்கென்று ஒரு நோட்டு வைக்கும்படி நிர்வாகக் குழுவைக் கேட்டிருக்கிறேன். முதல் வரியில் என் பெயரை எழுதப் போகிறேன். அடுத்த வரி உங்களுடையது.