சீட்டாட்டத்தில் பிறந்த கணிதம்

என்னிடம் இலக்கணம் கற்றுப் பின்னர்ப் பௌதிகத்தைத் தம் துறையாகக் கொண்ட மாணாக்கர் ஒருவர், விடுமுறையில் ஊர் வந்தபோது தம் கணினியுடன் என் இல்லம் போந்தார். அதன் கரிய திரையில் ஒரே ஒரு வரியைத் தட்டச்சிட்டார். படம் ஒன்றும் தோன்றவில்லை. எண்கள் மட்டும் வரிசை வரிசையாக ஓடின. இன்னும் கட்டப்படாத கருவி ஒன்றினூடே பதினாயிரம் துணிக்கைகளைத் தாம் செலுத்தியதாகவும், அவை எங்கே மோதின, எங்கே ஆற்றலை இழந்தன என்பதையே அவ்வெண்கள் உரைப்பதாகவும் அவர் கூறினார். இல்லாத கருவியுள் இல்லாத துணிக்கைகள்! இவ்விந்தைக்கு மூலவர் யாவர் என வினவினேன். ஸ்தனிஸ்லாவ் உலாம் என்னும் கணித மேதையின் பெயரை அவர் கூறினார். அன்றுமுதல் அப்பெரியாரின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

உலாம் 1909ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள் லுவோவ் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். அன்று ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கும் பின்னர்ப் போலந்துக்கும் உரியதாயிருந்த அந்நகர், இன்று உக்ரேனைச் சேர்ந்தது. அங்கே ஸ்கொட்டிஷ் கபே என்னும் தேநீர்ச்சாலையிற் பனாக் முதலிய பேரறிஞர் கூடி, மேசைப் பளிங்கின்மீதே கணக்குகளை எழுதி வாதிடுவர். இளைஞரான உலாமும் அவ்வவையில் ஒருவர். சங்கப் பலகையைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு அப்பளிங்கு மேசை அயலானதன்று.

1935இல் ஜோன் வொன் நொய்மனின் அழைப்பினால் அமெரிக்கா சென்ற அவர், கோடைதோறும் தாயகம் மீள்வது வழக்கம். 1939 ஓகஸ்ற் மாதம் தம்பி ஆதாமுடன் கப்பலேறியபோது தந்தையார் துறைமுகம்வரை வந்து வழியனுப்பினார். சில நாள்களிற் போர் மூண்டது. தந்தையாரும் சகோதரியும் நாத்சிகளின் படுகொலைக்கு இரையாயினர். அவ்வழியனுப்புதலே இறுதிக் காட்சியாயிற்று.

போர்க்காலத்தில் லொஸ் அலமோசில் அணுகுண்டு ஆய்வில் ஈடுபட்ட உலாம், 1945இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் பேராசிரியராகச் சென்றார். 1946 தொடக்கத்தில் மூளைவீக்க நோய் அவரைத் திடீரெனத் தாக்கியது. பேச்சுக் குழறிற்று. மருத்துவர் மண்டையோட்டைத் திறந்து சிகிச்சை செய்தனர். உயிர் மீண்டது, அறிவு மீண்டதோ என்னும் அச்சமோ அவரை வாட்டியது. அறிவொன்றையே செல்வமாகக் கொண்டவனுக்கு இதனினும் பெருந்துயர் யாது? போல் ஏர்டோஷ் என்னும் கணித நண்பர் வந்து அவருடன் கணிதம் பேசினார், சதுரங்கம் ஆடினார். ஆட்டத்தில் வென்ற உலாமுக்கு மெல்ல நம்பிக்கை தளிர்த்தது.

ஓய்வுக் காலத்தில் அவர் 52 சீட்டுகளைப் பரப்பித் தனியே ஆடிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டம் வெற்றியாய் முடிதற்குரிய நிகழ்தகவு யாது என்னும் ஐயம் எழுந்தது. சூத்திரங்களால் அதனைக் கணிக்க முயன்றார். கணக்கு எல்லையின்றிக் கிளைத்தது. அப்போதுதான் எளிய வழியொன்று புலப்பட்டது: நூறு முறை ஆடி, வென்றவற்றை எண்ணினாற் போதுமன்றோ?

இவ்வெளிய கேள்வியே பெரும் முறையாக வளர்ந்தது. அணுப்பொருளினூடே செல்லும் நியூத்திரன் ஒவ்வோரடியிலும் சிதறலாம், விழுங்கப்படலாம், அணுவைப் பிளக்கலாம். எது நிகழும் என்பதை எழுமாற்று எண்ணொன்றாற் தெரிந்து, இவ்வாறு ஆயிரக்கணக்கான நியூத்திரன்களின் வாழ்வைத் தொடர்ந்து கணித்துச் சராசரி கண்டால் உண்மை நெருங்கி வரும். பத்து மடங்கு நுட்பம் வேண்டின் நூறு மடங்கு சோதனை வேண்டும். வொன் நொய்மன் 1947இல் இதனைக் கணினிக்கு ஏற்ப வகுத்தார்; 1948இல் எனியாக் என்னும் இயந்திரம் அக்கணக்குகளைச் செய்தது. சூதாடும் பொருட்டு உறவினரிடம் கடன் வாங்கும் உறவினர் ஒருவர் உலாமுக்கு இருந்தமையால், மெட்ரோபொலிஸ் என்பார் இதற்கு மொன்டே கார்லோ முறை எனச் சூதாட்ட நகரின் பெயரையே சூட்டினார்.

இம்முறை முதலில் அழிவுக் கருவிகளின் ஆக்கத்திற்கே பயன்பட்டது என்பதை மறைத்தல் தகாது. 1951இல் டெல்லருடன் சேர்ந்து ஐதரசன் குண்டின் அமைப்பை வகுத்தவரும் உலாமே. உறவினரைக் கொடுங்கோலுக்குப் பலிகொடுத்த ஒருவர் பேரழிவுப் படைக்கலத்திற்குத் துணைநின்றார் என்பதை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் அமைதியுறுவதில்லை. அவர் 1984ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் சாந்தா பேயிற் காலமானார்.

1998இல் வெளிவந்த ஜியான்ட்-4 என்னும் மென்பொருள் அதே முறையைக் கையாள்கின்றது. ஜெனீவாவின் அருகேயுள்ள சேர்ன் ஆய்வுநிலையத்தில் மாபெருங் கருவிகளின் இயல்பை அறியவும், புற்றுநோய்க்குரிய கதிர்ச்சிகிச்சையின் அளவைக் கணிக்கவும் அது உதவுகின்றது.

சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்து இகழ்ந்த வள்ளுவரைக் கற்பிப்பவன் நான். சீட்டாடும் மாணவரைக் கண்டித்தும் இருக்கிறேன், இனியும் கண்டிப்பேன். ஆயினும், பொருளை வேண்டாது விடையொன்றையே வேண்டி, நோயுற்ற ஒருவர் தம் படுக்கையருகே பரப்பிய சீட்டுகளை என்னால் இகழ முடியவில்லை.