மன்னித்த மகன், மன்னியாத தந்தை

சென்ற கோடை விடுமுறைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. தந்தையாரோடு பேச்சுத் தடித்துவிட்டது, காரணம் அற்பமானது. ஆளரவமற்ற விடுதியில் பொழுதைக் கழிக்க நூலகத்திலிருந்து ஒரு நாடக நூலை எடுத்து வந்தேன். நாடகத்தை விட அதை ஆக்கியவரின் வாழ்க்கையே என் உறக்கத்தைக் கெடுத்தது. அவர் அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓனீல்.

1888 அக்டோபர் 16ஆம் நாள், நியூயார்க் நகரத்து ஓட்டல் அறையொன்றில் ஓனீல் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஓனீல் புகழ்பெற்ற நடிகர். அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. 'மாண்டி கிறிஸ்டோ' நாடகத்தை ஆயிரக்கணக்கான முறை நடித்துப் பொருள் சேர்த்தார். பணம் வந்தது, வறுமை பற்றிய அச்சம் மட்டும் போகவில்லை. தாயாரோ, யூஜினைப் பெற்றபின் வலி தீரத் தரப்பட்ட மார்பீனுக்கு அடிமையாகிப் பல்லாண்டுகள் துன்புற்றார். மூத்தவன் ஜேமி குடியில் மூழ்கினான். அடுத்தவன் எட்மண்ட், ஜேமியிடமிருந்து தொற்றிய தட்டம்மையால் குழந்தையிலேயே மாண்டான். யார் மேல் குற்றம்? ஒவ்வொருவரும் மற்றவரைக் குற்றம் சொன்ன வீடு அது.

1906இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த யூஜின் மறு ஆண்டே வெளியேறினார். கப்பலில் கூலியாளாய்க் கடல் கடந்தார். 1912இன் இறுதியில் காசநோய் அவரை மருத்துவ விடுதியில் கிடத்தியது. அங்கேதான் நாடகம் எழுதுவதே தம் வாழ்வு என்று துணிந்தார். 1931இல், பண்டைக் கிரேக்கத்து அகமெம்னான் குடும்பத்தின் கொலையையும் பழியையும் அமெரிக்க வீடொன்றில் நிகழ்த்திக் காட்டினார். 1936இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆயினும் சொந்த வீட்டின் துன்பத்தை எழுத ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது. நான் படித்த நாடகம் அதுதான். 1941இல் எழுதி முடித்தார். 1912இல் ஒரு கோடை நாள், ஒரே வீடு, தாய் தந்தை மைந்தர் இருவர், அவ்வளவே கதை. அதில் தம் பெயரை இறந்த குழந்தைக்குச் சூட்டி, இறந்த அண்ணன் எட்மண்டின் பெயரைத் தமக்கு எடுத்துக்கொண்டார்! தந்தையின் கருமித்தனத்தைக் காட்டியவர், அதன் அடியிலிருந்த பசித்த பிள்ளைப் பருவத்தையும் காட்டினார். அந்த நாடகத்தில் கயவர் எவரும் இல்லை. தாம் இறந்து 25 ஆண்டுகள் சென்றபின்பே வெளியிட வேண்டுமென முத்திரையிட்டு வைத்தார். மனைவியின் இசைவால் 1956லேயே அது ஸ்டாக்ஹோமில் அரங்கேறியது.

நண்பர்களே, பெற்றோரை இவ்வளவு புரிந்துகொண்டவர் தம் மக்களுக்கு எப்படிப்பட்ட தந்தையாய் இருந்தார்? மூத்த மகன் தந்தையைச் சரியாகப் பார்த்ததே பதினொரு வயதுக்குப் பிறகுதான். கிரேக்க இலக்கியம் கற்ற அம்மகன் 1950இல் தற்கொலை செய்துகொண்டான். இளைய மகன் போதையில் அழிந்தான். மகள் ஊனா 1943இல், தம் 18ஆம் வயதில், சார்லி சாப்ளினை மணந்தார். மணமகனுக்கு ஏறத்தாழ ஓனீலின் வயது! அன்று மகளை ஒதுக்கியவர் சாகும்வரை மன்னிக்கவே இல்லை. கை நடுக்கத்தால் எழுதவும் இயலாமற்போய், 1953இல், பாஸ்டன் நகரத்து ஓட்டல் அறையொன்றில் உயிர் நீத்தார்.

இறந்துபோன தந்தையை ஏட்டில் மன்னிக்க முடிந்தது. உயிரோடிருந்த மகளை மன்னிக்க முடியவில்லை. ஏட்டில் மன்னிப்பது எளிதுதானோ?

நூலை மூடிவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அப்பா சண்டையைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. கொல்லை மரத்தில் மாங்காய் முற்றிவிட்டதென்றும், எனக்கென்று சிலவற்றைப் பறிக்காமல் விட்டிருப்பதாகவும் சொன்னார். மறுநாள் இரயிலேறினேன்.