இராஜராஜ தேவர் பொறுத்துப் பெற்ற முடி

பேரரசு கண்டார் வாழ்க்கையை ஆராயுங்கால், அவர் வென்ற நாடுகளையே எண்ணி வியத்தல் உலகியற்கை. சோழநாட்டைப் பேரரசாக்கிய முதலாம் இராஜராஜ தேவர் வரலாற்றிலோ, அவர் போர் தொடங்கு முன்னர்ச் செய்த தியாகமே பெரிதென்பது எமது துணிபு.

கி. பி. 949-இல் தக்கோலப் போரிலே இராஷ்டிரகூடரால் இராஜாதித்தர் மாண்டபின், சோழநாடு வடபாற் சுருங்கி நலிவுற்றது. அந்நாட்களில் சுந்தர சோழருக்கும் வானவன்மாதேவியாருக்கும் மகவாய் ஐப்பசிச் சதயத்திற் பிறந்தவர் அருமொழி. அவர்தம் தமையனார் ஆதித்த கரிகாலர் வஞ்சகராற் கொலையுண்டார். தந்தையார் காலஞ்சென்றார்; தாயாரும் உடன்கட்டையேறினார். குடிகள் அருமொழியையே அரசராக்க விழைந்தனர். ஆயினும், மூத்த வழியினரும் சிற்றப்பன் முறையினருமாகிய உத்தம சோழர் அரசினை விரும்பினார். அவ்விருப்பம் அவர்க்கு உள்ளவரை அருமொழி ஆட்சியை உள்ளத்தாலும் வேண்டாதிருந்தனர் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் செப்புகின்றன. அஃது அவர் மகனார் காலத்துப் புகழ்மொழியே என்பாரும் உளர். புகழ்மொழியே ஆயினும் ஆகுக. ஏறத்தாழ 15 ஆண்டு அவர் பொறுத்திருந்தமை மெய்யன்றோ? அன்று தாயத்தார் இருவரும் வாளெடுத்திருப்பின், மெலிந்த அந்நாடு பிளவுண்டு பகைவர்க்கே இரையாகியிருக்கும்.

985-இல் இராஜராஜர் முடி சூடினார். தமையனாரைக் கொன்றாருடைய உறவினர் நிலங்கள் பறிமுதலாயின என்பதை அவரது 2-ஆம் ஆட்சியாண்டின் உடையார்குடிக் கல்வெட்டால் அறிகின்றோம். உத்தமர் குடும்பத்தின்பால் அவர் பகை பாராட்டினாரல்லர். உத்தமரின் அன்னையார் செம்பியன் மாதேவியார் போற்றப்பெற்றார். உத்தமரின் மைந்தர் மதுராந்தகன் கண்டராதித்தர் கோயிற் காரியங்களை ஆராயும் உயர்ந்த அதிகாரியாய் விளங்கினார்.

வீடு ஒன்றுபட்டமையின் நாடும் ஒன்றுபட்டது. பாண்டியர், சேரர், கங்கர் அடங்கினர். ஈழத்தின் வடபகுதியும் கைவசமாயிற்று. 1001-ஆம் ஆண்டளவில் நிலமெல்லாம் அளக்கப்பட்டு, வேலியின் மிக நுண்ணிய கீழ்வாய்ப் பின்னம் வரை கணக்கேறிற்று. ஊர்ச்சபைகள் தத்தம் காரியங்களைத் தாமே நடத்தின. 1010-இல் தஞ்சைப் பெருங்கோயில் நிறைவெய்தியபோது, தாம் ஈந்த பொருளோடு தமக்கை குந்தவையார் ஈந்ததையும், பிறர் ஈந்ததையும் கல்லிற் பொறிப்பித்தார். 1012-இல் மைந்தர் இராஜேந்திரரை இளவரசாக்கித் தம் காலத்திலேயே ஆட்சிப் பொறுப்பினைப் பகிர்ந்தளித்தார், 1014-இல் மறைந்தார்.

அன்பர்களே! ஒரு காணி நிலத்திற்காகத் தாயாதிகள் தலைமுறை தலைமுறையாக வழக்காடும் இல்லங்களை நாம் கண்டிருக்கின்றோம். ஓர் அரசையே விட்டு நின்றவர்க்குப் பின்னர்ப் பேரரசே வாய்த்தது. இவ்வரலாற்றை நம் சிறுவர்க்குச் சொல்லுங்கால், வாளின் வெற்றிக்கு முன்னே பொறையின் வெற்றியைச் சொல்வோமாக.